பேய்களின் இரவும் உழவரின் சிரிப்பும்

ஒக்டோபர் 31ஆம் திகதி இரவில் ஆவிகள் உலாவும் என்பது ஸ்கொத்லாந்து, அயர்லாந்து மக்களிடையே நெடுங்காலமாக நிலவிய நம்பிக்கை. அறுவடை முடிந்து குளிர்காலம் தலைப்படும் அவ்விரவே ஹலோவீன் எனப்படுவது. அதனையே பொருளாகக் கொண்டு றொபேட் பேண்ஸ் 1785இல் இயற்றிய நெடும்பாட்டு, மறு ஆண்டு கில்மார்னொக் நகரில் அச்சான அவரது முதற் தொகுதியில் இடம்பெற்றது. பழஞ் சடங்குகளின் பட்டியலென இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு வர்க்கத்தின் வாழ்க்கை இச்சடங்குகளினூடே பேசுகின்றது என்பதே எமது கருத்து.

பாட்டில் நிகழ்வன யாவை? இளைஞரும் கன்னியரும் கண்களை மூடியவாறு தோட்டத்திற் சென்று கோவாவினச் செடியொன்றைப் பிடுங்குகின்றனர். தண்டு நேராயின் வரும் துணையும் நிமிர்ந்த தோற்றத்தினர். வேரில் மண் ஒட்டியிருப்பின் சீதனம் உண்டு. காதலர் இருவர் பெயரால் இரு கொட்டைகளை அடுப்பிலிடுகின்றனர். அவை அமைதியாக எரியின் இல்வாழ்வு இனிது, ஒன்று வெடித்துத் துள்ளின் காதல் முறியும். கைம்பெண் ஒருத்தி தன் சட்டைக் கையை நனைக்கச் செல்லும் ஓடையோ, மூன்று நிலக்கிழார்களின் நிலங்கள் கூடுமிடத்தில் உள்ளது. மாயம் நிகழவேண்டிய இடத்தையும் நிலவுடைமையே வரையறுக்கின்றது! குத்தகை நிலத்தில் உழைத்து, நாளைய வாழ்வைத் தன் கையில் வைத்திராதவனே வேரில் ஒட்டிய மண்ணிடம் எதிர்காலத்தைக் கேட்கின்றான்.

ஆனால், பேண்ஸின் உழவர் அச்சத்துடன் நின்றுவிடுவாரல்லர். இருளில் சணல்விதை தூவும் வீரனொருவன் உறுமல் கேட்டு அலறுகின்றான். திரண்டு ஓடிவந்தோரிடையே புகுந்து செல்வது ஒரு பன்றி. களஞ்சியத்தில் எலியொன்று சுவரேற, பெண்ணொருத்தி கடவுளைக் கூவி ஓடுகின்றாள். ஓடைக்கரையில் கேட்ட குரல் சாத்தானுடையதோ இளம்பசுவினுடையதோ என்று அறியாமலே கைம்பெண் நீரில் விழுகின்றாள். இவ்வாறு, பேயென அஞ்சியவை தொழுவத்து உயிர்களாக மாற, அச்சம் சிரிப்பாகின்றது. தம் மூடநம்பிக்கையைத் தாமே நகையாடும் ஆற்றல் மக்களிடம் உண்டென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இப்பாட்டின் குறை அதன் முன்னுரையிலேயே உள்ளது. செய்யுளை ஸ்கொத்திய வழக்கில் பாடிய கவிஞர், முன்னுரையையும் அடிக்குறிப்புகளையும் நாகரிக ஆங்கிலத்தில் எழுதினார். எதிர்காலத்தை அறியும் வேட்கை அறிவொளி பெறாத மக்களிடம் எஞ்சியிருப்பதைக் காண்பது சிந்தனையாளர்க்குச் சுவை தரும் என்று அங்கே கூறுகின்றார். இதைக் கூறுபவர் யார்? நிலக்கிழாருடன் வழக்காடி நலிந்து 1784இல் மாண்ட குத்தகை விவசாயியின் மகன். தாமும் ஏர் பிடித்தவர். கற்றோர் அவையின் முன் நிற்கையில் தம் மக்களையே காட்சிப் பொருளாக்க நேர்ந்தமை அவருடைய காலத்தின் அவலமாகும். எனினும் முன்னுரைப் பேண்ஸைச் செய்யுட் பேண்ஸ் வென்றுவிடுகின்றார். மக்கள் மொழி வாயில் வந்ததும் அவர் மேலிருந்து நோக்குபவராக இல்லை. அடுப்பைச் சூழ அமர்ந்தவருள் ஒருவராகிவிடுகின்றார்.

பிற்காலத்தில் குடியேறிகளுடன் கடல் கடந்து அமெரிக்கா சென்ற இவ்விழா, இன்று முகமூடியும் இனிப்பும் விற்கும் பெருஞ் சந்தையாகிவிட்டது. அங்கே அச்சமும் விலைப்பொருள். தம் அச்சத்தைத் தாமே படைத்துத் தாமே சிரித்துக் கலைத்த உழவரின் இரவை அறிய விரும்புவோர் பேண்ஸின் பாட்டைப் பயிலல் வேண்டும். முன்னுரையை இறுதியிற் படித்தல் நன்று.