உவப்பின் வழு

2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பால் வழுவமைதிக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. தாய் தன் மகளை 'ராசா' என்றும் 'கண்ணா' என்றும் 'டா' சேர்த்துக் கூப்பிடுகிறாள். பெண்பாலை ஆண்பாலாகச் சொன்னது வழுதான். உவப்பினால் சொன்னதால் அமைத்துக்கொள்ளப்படுகிறது. நன்னூல் இதற்கு ஐந்து காரணங்களை அனுமதிக்கிறது: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. நன்னூலின் உரைமரபு இதே மகிழ்ச்சிக்குக் காட்டிவந்த உதாரணம் வேறு. அங்கே வருபவன் மகன். அவனை 'அம்மை' என்கிறார்கள், பெண்பால் வினைமுற்றோடு.

விதி அப்படியே இருக்க, உதாரணம் திசை திரும்பிவிட்டது. பாடநூலை எழுதியவர்கள் இதை யோசித்துச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. காதில் விழுவதை எழுதியிருப்பார்கள். அதனாலேயே எனக்கு அது சாட்சியமாகப் படுகிறது. கவிதையில் வரும் உருவகத்தைத் துருவித் துருவிப் பார்க்கிற நாம், வீட்டில் நாள்தோறும் புழங்கும் உருவகங்களைக் கொஞ்சல் என்று ஒதுக்கிவிடுகிறோம். குழந்தை சந்திக்கும் முதல் உருவகம் அதன் தலையிலேயே ஏற்றப்பட்டது என்பது நம் கவனத்துக்கு வருவதில்லை.

திண்டுக்கல்லைச் சுற்றி, வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களில், மகளைத் 'தாயி', 'ஆத்தா' என்பதும் மகனை 'அய்யா', 'அப்பன்' என்பதும் இன்னும் போய்விடவில்லை. இதில் ஒரு தர்க்கம் உண்டு. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரிலிருந்து வந்தவை. தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு. ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதவள் 'அய்யா' என்றாள். செல்லப்பெயர் குழைவில் மட்டுமல்ல, ஒரு தடையிலும் பிறக்கிறது. இந்த ஏற்பாட்டில் குழந்தை மூத்தவரின் இடத்தில் உட்காருகிறது. ஆண் ஆணிடத்தில், பெண் பெண்ணிடத்தில். மகனை 'அம்மை' என்ற அந்த உரைகாரரின் தாய் இந்த ஒழுங்கையும் தாண்டியவள். அவளுக்கு மகிழ்ச்சியின் உச்சத்தில் நினைவுக்கு வந்தவள் அவள் அம்மா.

இன்றைய தாய்க்கு நினைவுக்கு வருவது ராஜா. நகரத்துப் படித்த வீடுகளில் மகளை 'வாடா', 'சாப்பிடுடா' என்பது சகஜமாகிவிட்டது. அப்பாக்கள் இதில் இன்னும் தாராளம். இதைப் பெண்ணுக்குக் கிடைத்த சமத்துவம் என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பரீட்சை வைக்கலாம்: மகனை 'வாடி' என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். அது உவப்பில் சேராது. நன்னூலின் ஐந்தாவது காரணத்தில், இழிவில், போய் விழும். பையன் அழுதால் 'பொட்டப்புள்ள மாதிரி' என்ற வசவு தயாராக இருக்கிற ஊரில், மகளுக்கு 'டா' என்பது பதவி உயர்வு, மகனுக்கு 'டி' என்பது தண்டனை.

தமிழில் இதற்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. தங்கம், செல்லம், கண்ணு, பட்டு, சாமி — எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆண் பெண் பாராமல் இவற்றை இரைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பால் பிரிக்காத சொற்கள். இத்தனை கையில் இருந்தும் மகளுக்கு ஆண்பாலைத் தேடிப் போவது ஏன்? சமம் என்பதைவிட அந்தஸ்து தேவைப்படுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தஸ்துக்கு நம்மிடம் இருக்கும் சொல் ஆண்பாலில் இருக்கிறது.

பிள்ளைத்தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் வெளிப்படையானது. பத்துப் பருவங்களில் முதல் ஏழு, காப்பிலிருந்து அம்புலி வரை, இரு பாலுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இந்தச் சிற்றில், சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைப் பையன் காலால் சிதைப்பது. சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதே அந்தப் பருவத்தின் பாட்டு. அவனது குறும்பு தெய்வ லீலையாகக் கொண்டாடப்படுகிறது. கட்டியவர்களின் உழைப்பு அதற்குப் பின்னணி. குமரகுருபரர் மீனாட்சிக்கும் முத்துக்குமாரசுவாமிக்கும் தனித்தனியே பிள்ளைத்தமிழ் பாடியவர். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இந்தப் பிரிவு ஓசையிலேயே கேட்கும்.

இந்த இலக்கணத்தை எங்கள் மாவட்டம் பழனி மலையடிவாரத்தில் இன்னும் நடித்துக் காட்டுகிறது. முதல் மொட்டைக்கு முன்னால் ஆண் குழந்தைக்குச் சடை பின்னி, பூ வைத்து, பொட்டிட்டு, சில வீடுகளில் பாவாடையும் கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'என் பொண்ணு' என்று கொஞ்சுகிறார்கள். பிறகு முடி இறங்குகிறது. அந்தப் பொதுப் பருவம் அத்தோடு முடிந்தது. அடுத்த நாளிலிருந்து அவன் சிங்கம்.

மகளை ராஜாவாக்குவதற்கும் பக்கத்து மதுரையில் முன்மாதிரி இருக்கிறது. மலையத்துவச பாண்டியன் தடாதகையை மகனைப் போலவே வளர்த்து, போர்க்கலை பயிற்றுவித்தான். அவள் முடிசூடித் திக்விஜயம் போனாள். கணவனாக வரப்போகிறவனைக் கயிலையில் கண்டதும் மூன்றாவது முலை மறைந்தது, நாணம் வந்தது. 'ராசா' என்ற விளிக்கும் இப்படி ஒரு தவணை உண்டென்று தோன்றுகிறது. இருபது வயதுவரை 'டா'வாக இருந்தவளிடம் மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அதே அப்பா 'பொம்பளப் புள்ளையா லட்சணமா இரும்மா' என்கிறார். குரலில் அன்பு குறைவதில்லை. பால் மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நம் கவிகளும் இந்தப் பாதையில்தான் நடந்தார்கள். 1917இல் வெளிவந்த 'கண்ணன் பாட்டில்' பாரதி ஒரே தெய்வத்தைத் தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன் என்று எத்தனையோ உருவில் நிறுத்தினான். அந்தத் துணிச்சல் வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் கொஞ்சி அணைக்கக் குழந்தை வேண்டியபோது அது கண்ணம்மா ஆயிற்று. தெருப் பெண்களை அழவைக்கும் பிள்ளை வேண்டியபோது கண்ணன். பாரதிதாசன் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனித் தாலாட்டு எழுதினார். சாதியையும் மூடத்தனத்தையும் ஒழிக்கவே அந்தப் பெண் பிறந்திருக்கிறாள் என்கிறார். நோக்கம் புதிது. உருவகமோ விளக்கும் கற்பூரம் வைத்த பெட்டகமும். ஒளி தருவதும் மணப்பதும் எரிந்தால்தான். சீர்திருத்தம் கருத்தில் ஏறிவிட்டது, உவமையில் ஏறவில்லை. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இப்சனின் 'பொம்மை வீட்டில்' (1879) நோராவைக் கணவன் வானம்பாடி, அணில் என்கிறான். கடைசியில் அவள் நினைவுகூர்வது அப்பா தன்னைப் பொம்மைக் குழந்தை என்றதை. கணவன் மொழி அப்பாவிடமிருந்து வந்தது என்பதை அவள் கண்டுகொண்ட இடத்தில் நாடகம் திரும்புகிறது.

விதிவிலக்கென்று கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறா'னைத்தான் சொல்வேன். அதில் ராஜா என்பது கட்டத் துணியில்லாமல் தீபாவளிக்கு வந்து சேர்ந்த அநாதைப் பையன். செல்லத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு அந்தப் பெயரில் அறுந்துபோகிறது. அதை உணர்ந்து, ஜமீன் மாப்பிள்ளையைப் பெருமையடிக்கும் பணக்கார வீட்டுப் பையனிடம் அந்தப் பெயரைச் சொல்பவள் சிறுமி மங்கம்மாள். ஆண்பாலை அவளுக்கு யாரும் கடன் கொடுக்கவில்லை. ராஜா யார் என்று சொல்லும் உரிமையை அவளே எடுத்துக்கொள்கிறாள்.

இனி நான் பிழைக்கும் இடத்துக்கு வருகிறேன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்குப் பெயர்கள்தான் இலக்கியம். 2014இல் ஜன்தன் கணக்குகள் தொடங்கியபோதும், 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியபோதும், அதுவரை வங்கிக்கு வராத பெயர்கள் வந்தன. எழுபது வயதில் பாப்பா, குட்டியம்மாள், சின்னப்பொண்ணு. பக்கத்து வரிசையில் துரை, அய்யாக்கண்ணு, ராசு. ஆணின் செல்லப்பெயர் அவனோடு வளர்ந்து பதவியாகிவிடுகிறது. பெண்ணின் செல்லப்பெயர் அவளைக் கடைசிவரை தொட்டிலிலேயே வைத்திருக்கிறது. போதும்பொண்ணு என்ற பெயரும் வரும். மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில், வேண்டாதவள் என்று பொருள்படும் 'நகுசா' என்ற பெயரிட்ட சிறுமிகள் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு 2011இல் மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதுப்பெயர் கொடுத்தது. நம் போதும்பொண்ணுகளுக்கு அப்படி விழா வேண்டுமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயரிலும் 'தாயி' என்றே அவர்களைக் கூப்பிட்டு வளர்த்திருக்கிறார்கள்.

அரசாங்கமும் கொஞ்சத் தொடங்கியது 2015இல். பெண் குழந்தைக்கான மத்திய அரசின் சேமிப்புத் திட்டம் தமிழில் 'செல்வமகள்' ஆயிற்று. அதே ஆண்டு, பழைய பொது வருங்கால வைப்பு நிதிக்கே தமிழ்நாட்டுத் தபால் துறை 'பொன்மகன்' என்று பெயர் சூட்டியது. செல்வமகள் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும். இருபத்தோராம் ஆண்டில் முதிர்வு. பதினெட்டு ஆன பிறகு கல்யாணமென்றால் முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம். பொன்மகனுக்குப் பதினைந்து ஆண்டு. நோய்க்காக முன்னதாக முடிக்க வழி இருக்கிறது, மேற்படிப்புக்காக இருக்கிறது. கல்யாணம் என்ற சொல் அந்த விதிகளில் இல்லை.