மலை நிழல் வகுக்கும் நாள்: பாம் ஸ்பிரிங்ஸை ரசிக்கும் முறை

பாலையில் அமைந்த ஓர் ஊரை அறிய விரும்புபவர், அங்கே நிழல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நீர் எந்த இடத்தில் மேலெழுகிறது என்னும் இரண்டையும் முதலில் கேட்டறிய வேண்டும். தென் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் உல்லாச நகரில், இவ்விரண்டு கேள்விகளும் ஊரின் மேற்கே சுவர்போல் எழுந்து நிற்கும் சான் ஹசிண்டோ மலையிடமே கொண்டுசெல்கின்றன. ஊரின் தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்கும் குறைவு. மலையின் உச்சியோ 3,302 மீட்டர். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலையின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, மழையையும் பனியையும் அங்கேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது; இவ்வாறு மலையின் மறுபுறம் மழையின்றி வறளும் நிலத்தைப் புவியியலார் மழை மறைவுப் பகுதி என்பர். மழையை மறித்து இந்நிலத்தைப் பாலையாக்கிய அதே மலை, தன்மேல் பெய்த பனியை ஓடைகளாகக் கீழே அனுப்பி மக்கள் வாழ வழிசெய்ததோடு, பிற்பகலில் தன் நிழலையும் ஊரின்மேல் விரிக்கிறது. உள்ளூர்க்காரரின் நாள் இம்மலையைப் பார்த்தே நகர்கிறது. வந்துபோகும் பயணியின் நாளோ பெரும்பாலும் விடுதி நீச்சல் குளத்தின் ஓரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பருவத்தைப் பற்றி ஒரு சொல் போதும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே இவ்வூருக்கு ஏற்றவை. ஜூலையில் சராசரிப் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். 2024 ஜூலை 5 அன்று 51.1 பாகை பதிவாகி ஊரின் முந்தைய உச்ச அளவுகளை முறியடித்தது. கோடையில் வருபவர் திறந்தவெளியில் நடப்பதை விடியலோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

விடியலில் கிழக்கைப் பார்ப்பது மனித வழக்கம். இங்கே அவ்வேளையில் மேற்கைப் பார்த்து நிற்பதே முறை. கதிரவன் பள்ளத்தாக்கில் தோன்றும் முன்பே அதன் ஒளி மலையுச்சியைத் தொட்டு, வெற்றுப் பாறைகளை இளஞ்சிவப்பாக்கி, பின் படிப்படியாகச் சரிவில் இறங்கி ஊரின் கூரைகளை அடைகிறது. மாலையில் இந்த வரிசை தலைகீழாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த நாளின் மற்றப் பொழுதுகள் தாமே ஒழுங்குபடும்.

காலைப் பொழுதை ஊரின் தெற்கே உள்ள மலையிடுக்குகளுக்கு, அதாவது ஓடைகள் பாறையை அறுத்து உண்டாக்கிய ஆழமான பிளவுப் பள்ளங்களுக்கு, ஒதுக்குவது நலம். பாம் கேன்யன், ஆண்ட்ரியாஸ் கேன்யன், மரி கேன்யன் ஆகிய இவை, இம்மண்ணின் தொல்குடியினரான கவீயா மக்களின் ஒரு பிரிவான அகுவா காலியென்டே குழுவினருக்கு உரியவை. நுழைவுக் கட்டணத்தைப் பெறுபவர்களும் வழிமுறைகளை வகுப்பவர்களும் அவர்களே. ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர் ஆண்ட்ரியாஸைத் தேர்வது சிறந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஓடை நீரின் ஒலி உடன் வர, வெளியே சுடும் வெறும் மண்ணிலிருந்து சில அடிகளிலேயே அடர்ந்த பனஞ்சோலைக்குள் நுழைகின்ற அந்த மாற்றத்தை மெல்ல நடந்தால்தான் உடல் உணரும்.

இச்சோலையின் மரம் கலிபோர்னியா விசிறிப் பனை. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு இயற்கையாக உரிய ஒரே பனையினம் இதுவே. பனையைப் போலவே விசிறி வடிவ ஓலைகள் கொண்டது எனினும், காய்ந்த காவோலைகள் உதிராமல் அடிமரத்தைச் சுற்றித் தொங்கி, நிலம் தொடும் பாவாடைபோல் அடுக்கடுக்காகப் படிவது இதன் தனி அழகு. வௌவால்களும் ஆந்தைகளும் பல்லிகளும் அந்த உலர்ந்த ஓலைக்குள் குடியிருக்கின்றன. ஓரியோல் என்னும் மஞ்சள் நிறப் பறவை ஓலையின் அடிப்புறத்தில் நாரால் தைத்ததுபோல் கூடு கட்டுகிறது. கவீயா மக்கள் ஓலையால் கூரை வேய்ந்தனர், நாரால் காலணி முடைந்தனர், சிறு கரும்பழங்களைப் பச்சையாகவும் உலர்த்தி மாவாக்கியும் உண்டனர். பூச்சிகளை ஒழித்து விளைச்சலைப் பெருக்குவதற்காகக் காவோலைக்குத் தீயிடும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பனையின் தண்டில் நீரைக் கொண்டுசெல்லும் நாளங்கள் பட்டையை ஒட்டி மட்டும் அமையாமல் உள்ளே முழுவதும் பரவியிருப்பதால், வெளிப்புறம் கரிந்த பின்னும் மரம் பிழைத்துக்கொள்கிறது. கரிந்த தண்டின் தலையில் பசிய ஓலை விரிந்திருப்பதைக் காண்பவர் அதனைச் சாகின்ற மரம் என்று எண்ணிவிடலாகாது. ஓடையோரப் பாறைகளில் காணப்படும் உருண்டையான குழிகளையும் தவறவிடலாகாது. அவை இயற்கைக் குழிகள் அல்ல. காய்களையும் விதைகளையும் பல தலைமுறைப் பெண்கள் இடித்து இடித்துக் குடைந்த உரல்கள். ஓர் ஊரின் தொன்மையைத் தொட்டுணர இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இந்நிலத்தின் உரிமை வரலாறு தெரியாமல் ஊரைப் பார்ப்பது அரைகுறைப் பார்வையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு இப்பள்ளத்தாக்கை ஒரு சதுர மைல் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண் கொண்டவற்றை இருப்புப்பாதை நிறுவனத்துக்கு வழங்கியது. இரட்டைப்படைக் கட்டங்கள் பலவும் 1876 முதல் அகுவா காலியென்டே மக்களின் ஒதுக்கீட்டு நிலமாயின. இதனால் ஊரின் வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகையாகவே உள்ளது. ஊரின் நடுவே அமைந்த பதினான்காம் கட்டத்தில் குடியிருந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க உழைப்பாளர் குடும்பங்களின் வீடுகள் 1950களிலும் 60களிலும் இடித்தும் எரித்தும் அகற்றப்பட்டன; நகர மன்றம் 2021இல் மன்னிப்புக் கோரி, 2024இல் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு இசைந்தது. அழகிய வில்லாக்களைக் கட்டவும் விடுதிகளில் பணிபுரியவும் உழைத்த கைகள் அக்கட்டத்தில்தான் வாழ்ந்தன என்பதை அறிந்தவரின் கண்ணுக்கு அவ்வில்லாக்கள் வேறுவிதமாகத் தெரியும்.

வெயில் ஏறும் முற்பகலில் கட்டடங்களைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் இங்கே செழித்த கட்டடக்கலையைப் பாலைநில நவீனம் என்பர்: தாழ்ந்த தட்டையான கூரை, கண்ணாடிச் சுவர், எஃகுத் தூண், அலங்காரமற்ற எளிமை ஆகியவை அதன் இயல்புகள். புகைப்படங்கள் இவ்வீடுகளின் கண்ணாடியையும் நீலக் குளத்தையும் காட்டுகின்றன. நேரில் காண்பவர் நிழலைப் பார்க்கப் பழக வேண்டும். இறவாரம் எவ்வளவு தூரம் முன்னீண்டிருக்கிறது, அதன் நிழல் எந்த மணியில் கண்ணாடியை மூடுகிறது, துளையிட்ட ஜாலிக் கற்களின் சுவர் காற்றை விட்டு வெயிலை எவ்வாறு சல்லடையாக்குகிறது என்று கவனித்தால், இக்கலை வெயிலோடு செய்துகொண்ட நுட்பமான உடன்படிக்கை என்பது விளங்கும். ரிச்சர்ட் நியூட்ரா 1946இல் முடித்த காஃப்மன் இல்லத்தில் செங்குத்தான அலுமினியத் தகடுகளைத் திருப்பி வெயிலையும் மணற்காற்றையும் தடுக்க இயலும். அது இன்றும் தனியார் வீடு. ஆகவே தெருவில் நின்று பார்ப்பதே பண்பு.

ஆல்பர்ட் ஃப்ரே இவ்வூரின் கட்டடக்கலைக்கு உயிரானவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, பாரிசில் லெ கொர்பூசியேயிடம் பணியாற்றிய பின் இப்பாலைக்கு வந்தவர். 1964இல் மலைச்சரிவில் அவர் தமக்கெனக் கட்டிய சிறுவீட்டில், கண்ணாடிச் சுவரைத் துளைத்து ஒரு பெரும்பாறை உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது. பாறையை உடைக்காமல் அதன் வளைவுக்கேற்பக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினார். வசந்தத்தில் சரிவெங்கும் பூக்கும் மஞ்சள் மலர்களுக்கு இசையத் திரைச்சீலைகளும் மஞ்சளாக அமைந்தன. உரிய ஏற்பாட்டுடன் வரும் குழுக்களே அதனுள் செல்லலாம் என்றாலும், அவரும் ராப்சன் சேம்பர்சும் இணைந்து வடிவமைத்து 1965இல் எழுந்த பெட்ரோல் நிலையம், நீண்டுயரும் கூர்ங்கூரையோடு, இன்று ஊரின் வட நுழைவாயிலில் பயணியர் நிலையமாகத் திறந்தே இருக்கிறது. நடுத்தரக் குடும்பங்களுக்காக அலெக்சாண்டர் நிறுவனம் கட்டிய தெருக்களைச் சைக்கிளில் சுற்றுவதும் பயன்தரும். அவற்றை வரைந்த வில்லியம் கிரிசல் ஒரே தரைத்திட்டத்தைத் திசை மாற்றி வைத்தும், இரு பக்கமும் மேலெழும் வண்ணத்துப்பூச்சிக் கூரை, சரிவுக் கூரை, தட்டைக் கூரை என்று மாற்றியும் ஒரு தெருவில் எந்த வீடும் அடுத்த வீட்டைப்போல் தோன்றாதபடி செய்தார். ஒற்றுமையைக் கண்டுபிடிப்பதே அங்கு சுவையான தேடல்.

நண்பகல் ஓய்வுக்குரியது. ஊருக்குப் பெயர் தந்த வெந்நீர் ஊற்று, உடற்சூட்டைவிடச் சற்றே மிகுந்த வெப்பத்தோடு நகரின் நடுவில் ஊறுகிறது. அகுவா காலியென்டே என்னும் ஸ்பானியத் தொடருக்கும் வெந்நீர் என்பதே பொருள். கவீயா மொழியில் செக்கி எனப்படும் இவ்வூற்றைச் சுற்றி அம்மக்கள் தங்கள் அருங்காட்சியகத்தையும் நீராட்டு நிலையத்தையும் 2023இல் திறந்துள்ளனர். அருங்காட்சியகத்தைப் பார்த்தபின் நீராடுவது, தாம் எந்த நீரில் இறங்குகிறோம் என்ற அறிவோடு இறங்கச் செய்யும்.

நீராடியபின் பேரீச்சைப் பழத்தைப் பாலோடும் ஐஸ்கிரீமோடும் அரைத்த குளிர்பானம் பருகுவது இப்பகுதியின் வழக்கம். அமெரிக்காவில் விளையும் பேரீச்சையின் மிகப் பெரும்பகுதி இப்பள்ளத்தாக்கின் கிழக்குப் பாதியில் உள்ள இண்டியோ, தெர்மல், மெக்கா ஆகிய ஊர்களைச் சுற்றி விளைகிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட பக்கக்கன்றுகளின் வழித்தோன்றல்களே அவை. ஆண் மரத்தின் மகரந்தத்தைப் பெண் மரத்தின் பாளையில் கையால் இடுவதும், குலைகளைப் பைகளால் மூடுவதும், அறுப்பதுமாக ஒரே மரத்தில் ஆண்டுக்குப் பல முறை ஏறவேண்டியுள்ளது. பால்மெரோ என்று அழைக்கப்படும் அத்தொழிலாளர் பெரும்பாலும் மெக்சிகோ வழியினர். மெட்ஜூல் பழத்தின் கொழுத்த இனிப்பு எவரையும் கவரும். ஆயினும் அரைகுறையாக உலர்ந்து, மெல்ல மெல்லச் சுவை கூடும் டெக்லெட் நூர் வகையைத் தனியே உண்டு பார்க்காதவர் பேரீச்சையை அறிந்தவராகார்.

சான் ஹசிண்டோ மலைமேல் ஏறவும் வழியுண்டு. 1963இல் திறக்கப்பட்ட கம்பிவட ஊர்தி, தானே சுழலும் வட்டப் பெட்டியில் பயணியரை ஏற்றி, ஏறத்தாழ பத்து நிமிடங்களில் 2,596 மீட்டர் உயரத்தில் உள்ள பைன் காட்டில் இறக்குகிறது. அங்குள்ள ஜெஃப்ரி பைன் மரத்தின் பட்டைப் பிளவில் மூக்கை வைத்தால் வெனிலா மணம் வரும். எனினும் மலையிடுக்கையும் மலைமேற் காட்டையும் ஒரே நாளில் திணிப்பது இரண்டையும் இழப்பதாகும். ஒரு நாள் மட்டுமே உள்ளவர் கீழேயே தங்குவது நல்லது.

ஏனெனில் பிற்பகலில் கீழே இருப்பவருக்கே அந்நாளின் பெரிய காட்சி கிடைக்கும். கதிரவன் மலைக்குப் பின் மறைந்ததும், உண்மையான அந்திக்கு நெடுநேரம் முன்பே, நிழல் மலையடித் தெருக்களில் விழுந்து, வீடு வீடாகக் கடந்து கிழக்கே நகர்கிறது. குளிர்காலத்தில் இது நடுப்பிற்பகலிலேயே நிகழும். வீட்டுக்குள் இருந்த உள்ளூர்க்காரர்கள் நாய்களோடும் குழந்தைகளோடும் வெளியே வருவது அப்போதுதான். ஊர் முழுவதும் நிழலில் குளிர்ந்திருக்க, பள்ளத்தாக்கின் மறுபுறத்துக் குன்றுகள் மட்டும் இன்னும் வெயிலில் பொன்னிறமாகவும் பின் ஊதாவாகவும் நிற்கும். வியாழக்கிழமையாயின் பாம் கேன்யன் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மாலைச் சந்தை கூடும். சந்தைக்குச் செல்லாதவர், ஓலை கழித்துச் சீராக்கப்பட்ட சாலைப் பனைகளை விட்டுவிட்டு, காவோலை முழுதும் தொங்க விடப்பட்ட ஒரு பனை நிற்கும் இடத்தைத் தேடி அதன் எதிரே அமரலாம். கிழக்குக் குன்றுகளின் கடைசி ஒளி அணைந்து சற்று நேரத்தில், அந்த உலர்ந்த ஓலைப் பாவாடைக்குள்ளிருந்து மஞ்சள் வௌவால்கள் ஒவ்வொன்றாக வெளியே பறக்கும்.