நடிகனும் நிழலும்: தமிழ்ச் சினிமாவின் மாறுகாலத்தில் நடிப்புத் தொழில்

நடிகர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டுள்ள வாழ்க்கை வரலாறுகளை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு விளக்கங்களையே மீண்டும் மீண்டும் தருவதைக் காணலாம். ஒருவர் உயர்ந்தால் அது பிறவித் திறமை. வீழ்ந்தால் அது விதி. திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே திறமை 1937இல் ஒருவரைச் சிகரத்தில் ஏற்றி, 1952இல் அவரையே கைவிட்டதேன் என்ற வினாவுக்குத் திறமை என்ற சொல்லுக்குள் விடை இல்லை. அதனை நடிகன் விற்கும் உழைப்பினது தன்மையிலும், அதனை வாங்கும் உற்பத்தி முறையிலுமே தேடவேண்டியுள்ளது. எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் ஆகியோரின் தொழில் வாழ்க்கையை மையமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடகர் ஒருவர் தாமே பாடிப் பணம் பெறுவதற்கும், முதலாளி ஒருவரிடம் அமர்ந்து அவருக்கு இலாபம் ஈட்டிக் கொடுப்பதற்காகப் பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மார்க்ஸ், ‘உபரி மதிப்புக் கோட்பாடுகள்’ நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். பாட்டு ஒன்றே, உறவு வேறு. நடிப்புக்கும் இது பொருந்தும். எனினும் இயந்திரப் பதிவின் வருகையோடு இன்னொரு மாற்றமும் நிகழ்கின்றது. மேடையில் நடிகனின் உழைப்பும் பார்வையாளரின் நுகர்வும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. நடிகன் வராவிடின் நாடகமில்லை. திரையிலோ உழைப்பு ஒருமுறை பதிவாகியதும் நடிகனிடமிருந்து பிரிந்து, வேறொருவரின் உடைமையாகி, அவனில்லாமலே ஊர் ஊராகச் செல்கின்றது.

இம்மாற்றத்துக்கு முந்திய நிலையைச் சுருக்கமாக நோக்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை போன்ற பாய்ஸ் கம்பனிகளே தமிழ்நாட்டு நடிகர்களின் பயிற்சிக்களங்களாக விளங்கின. வறிய குடும்பங்களின் சிறுவர்கள் சோற்றுக்கும் சொற்ப சம்பளத்துக்குமாக அவற்றிற் சேர்க்கப்பட்டனர். பாட்டு, வசனம், தாளம் யாவும் அங்கேயே கற்பிக்கப்பட்டன. பால பார்ட், ஸ்திரீ பார்ட், ராஜபார்ட் என்ற வரிசையிற் சிறுவனின் எதிர்காலத்தை நிர்ணயித்தது அவனது தொண்டையே. மகரக்கட்டு உடைந்ததும் பலரின் தொழில் அத்துடன் முடிந்தது. கம்பனியின் ஒழுங்கு நிலவுடைமைக் குடும்பத்தின் ஒழுங்கை ஒத்திருந்தது. வாத்தியாரே தந்தை, வாத்தியாரே முதலாளி. ஆனால் அங்கு பெற்ற பயிற்சி நடிகனின் உடலிலேயே தங்கியது. அதனை அவன் இன்னொரு கம்பனிக்கு எடுத்துச் செல்லக்கூடியவனாயிருந்தான்.

1931இல் ‘காளிதாஸ்’ படத்தோடு பேசும்படம் தமிழுக்கு வந்தபொழுது, அது தனக்கென நடிகர்களை உருவாக்கவில்லை. மேடையும் இசைத்தட்டும் ஏலவே உருவாக்கி வைத்திருந்த புகழையே அது விலைக்கு வாங்கியது. ‘நந்தனார்’ (1935) படத்துக்கு கே. பி. சுந்தராம்பாள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா இன்றுவரை வியப்போடு பேசப்படுகின்றது. அது ஒரு படத்துக்கான நடிப்புக் கூலி மாத்திரமன்று. கொழும்பு மேடை உட்படத் தமிழ் வழங்கிய இடங்களிலெல்லாம் எஸ். ஜி. கிட்டப்பாவோடும் தனித்தும் அவர் பல ஆண்டுகள் பாடித் திரட்டிய மக்கள் அபிமானத்தின் விலையுமாகும். கூட்டம் உறுதி என்பதனாலேயே மூலதனம் அத்தொகையைக் கொடுத்தது.

பாகவதரின் எழுச்சியும் இவ்வடிப்படையிலேயே நிகழ்ந்தது. மேடையிற் பாடி நடித்த ‘பவளக்கொடி’ வாயிலாகவே 1934இல் அவர் திரைக்கு வந்தார். ‘சிந்தாமணி’ (1937) அவரைத் தமிழ்ச் சினிமாவின் முதற் பெரும் நட்சத்திரமாக்கியது. அவரிடம் குரலும் தோற்றமும் ஒன்றாயிருந்தன. படப்பிடிப்பின்போதே நடிகர் பாடவேண்டியிருந்த தொழில்நுட்பக் கட்டத்தில் அவ்விணைப்புக்கு ஈடில்லை. ஆனால் அது அக்கட்டத்துக்குரிய ஈடின்மை என்பதனை அவருடைய இரசிகர்களோ தயாரிப்பாளர்களோ அன்று உணர்ந்திருக்க முடியாது.

1944 ஒக்டோபரில், தீபாவளிக்கு, ‘ஹரிதாஸ்’ வெளியாகியது. அடுத்த மாதம் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்டார். அவ்வழக்கிற் பாகவதரும் கிருஷ்ணனும் கைதுசெய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். பிரிவுக் கவுன்சில் வழக்கை மீள்விசாரணைக்கு அனுப்பியதைத் தொடர்ந்து 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதனைத் தமிழ்ச் சினிமா வரலாறு சாதனையாகக் கொண்டாடுகின்றது. அச்சாதனையை நாம் வேறு கோணத்தில் நோக்குகின்றோம். அம்மூன்று தீபாவளிகளுள் இரண்டின்போது படத்தின் நாயகர் சிறையிலிருந்தார். நடிகன் கைதியாயிருந்தான், அவனது நிழல் நாள்தோறும் அரங்கிற் பாடிக் கட்டணம் ஈட்டிக்கொண்டிருந்தது. உழைப்பாளியிடமிருந்து அவனது உழைப்பின் விளைபொருள் அந்நியமாதல் என்று நாம் நூல்களிற் படிப்பதற்கு இதனினுந் துலக்கமான எடுத்துக்காட்டுத் தமிழ்க் கலை வரலாற்றில் இல்லை எனலாம். மேடை நடிகன் சிறை சென்றால் நாடகம் நின்றுவிடும். திரை நடிகன் சிறை சென்றாலும் படம் ஓடும். நிழலுக்கு நடிகன் தேவைப்படுவதில்லை என்ற உண்மையை மூலதனம் தெளிவாகக் கண்டுகொண்ட சந்தர்ப்பம் இதுவாகும்.

இதே காலப்பகுதியில் ஸ்டூடியோவினுள் வேறொரு மாற்றமும் முதிர்ச்சியடைந்துகொண்டிருந்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ‘நந்தகுமார்’ (1938) படத்திற் பரீட்சித்துப் பார்த்த பின்னணிப் பாடல் முறை, ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) நாயகியின் பாடல்களுக்கு பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பயன்படுத்துமளவுக்கு வளர்ந்தது. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் முதலிற் பிரிக்கப்பட்டது பெண்ணின் குரலே என்பது கவனிக்கத்தக்கது. தொழிற்சாலையில் வேலைப் பிரிவினை கைவினைஞனைப் பல துண்டுகளாக்கியது போன்று, ஸ்டூடியோ நடிகனைக் குரலாகவும் உடலாகவும் பகுத்தது. பாகவதர் சிறையிலிருந்து வெளிவந்தபொழுது அவரது குரல் கெட்டிருக்கவில்லை; குரலும் உடலும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்ற தேவையே கெட்டிருந்தது.

‘ராஜமுக்தி’ (1948), ‘அமரகவி’ (1952), ‘சியாமளா’ (1952) என்று அவர் தொடர்ந்து நடித்தார். அவை பழைய வரவேற்பைப் பெறவில்லை. அதே 1952இல், ஒக்டோபரில், ‘பராசக்தி’ வெளிவந்தது. பாய்ஸ் கம்பனியில் வளர்ந்து, மாதம் 250 ரூபா சம்பளத்தில் அப்படத்தில் நடித்த வி. சி. கணேசன் பாடகரல்லர். அவரது மூலதனம் வசனமும் முகமும் உடல்மொழியும். திராவிட இயக்கம் மேடையிலும் அச்சிலும் உருவாக்கிய உரைநடைக்கு அத்தகைய உடலொன்று தேவையாயிருந்தது. எனவே பாகவதரின் வீழ்ச்சியைத் தொழில்நுட்பத்தால் மாத்திரம் விளக்குவது யாந்திரிகமான பொருள்முதல்வாதமாகும். கீர்த்தனையின் இடத்தை வசனம் பிடித்ததில், பக்தனின் இடத்தை நீதிமன்றத்தில் நின்று வினாத்தொடுக்கும் இளைஞன் பிடித்ததில், சுதந்திரத்துக்குப் பிந்திய தமிழ்நாட்டின் அரசியல் எழுச்சியும் அடங்கியுள்ளது.

அவ்வாறாயின், அதே வழக்கில் அதே காலம் சிறையிலிருந்த கிருஷ்ணனால் மீண்டெழ முடிந்ததெவ்வாறு? அவர் நகைச்சுவை நடிகர், நாயகர் அல்லர் என்பது பகுதி விடையே. அவரிடம் நடிப்பு மாத்திரமன்றி நடிப்பை உற்பத்தி செய்யும் அமைப்பும் இருந்தது. டி. ஏ. மதுரம் முதலானோரை உள்ளடக்கிய குழுவோடு அவர் இயங்கினார். அவர் சிறையிலிருந்தபொழுது மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் அவர் பெயரிலமைந்த நாடக சபையை நடத்தினர். ‘பைத்தியக்காரன்’ (1947) அக்குழுவினரின் முயற்சியால் வந்த படமே. விடுதலைக்குப் பின் அண்ணாதுரையின் எழுத்தில் ‘நல்லதம்பி’யில் (1949) நடித்தார், ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகியவற்றைத் தாமே இயக்கினார். பாகவதர் புகழைச் சம்பாதித்தார். கிருஷ்ணன் கூட்டுழைப்பைச் சம்பாதித்தார். காலத்தின் புதிய கருத்துகளோடு அவருக்கிருந்த உறவு அக்கூட்டுழைப்புக்கு உள்ளடக்கம் தந்தது.

இதனை வெற்றிக்கான சூத்திரமாக நாம் முன்வைக்கவில்லை. 1957இல் மறைந்தபொழுது கிருஷ்ணன் செல்வந்தராயிருக்கவில்லை. பாகவதர் 1959இல் மறைந்தார். தனியொரு குழு ஸ்டூடியோ மூலதனத்தை நெடுங்காலம் எதிர்த்து நிற்க இயலாது. தென்னிந்திய நடிகர் சங்கம் 1952இலேயே அமைக்கப்பட்டமை தற்செயலன்று.

பாகவதரின் குரலுக்கு நேர்ந்தது இன்னுஞ் சுவையானது. அவரது பாணியைப் பின்பற்றிப் பாடத்தொடங்கிய டி. எம். சௌந்தரராஜன், 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜி கணேசனுக்கும் ‘மலைக்கள்ள’னில் எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் குரல் கொடுத்தார். பாகவதர் உயிரோடிருக்கையிலேயே அவரது குரல்மரபு இரு புதிய உடல்களிற் குடியேறியது. மரபு அழியவில்லை, மரபைச் சுமந்தவர் தேவையற்றவரானார்.

இவ்விடத்தில் எமது அனுபவம் ஓர் ஒப்பீட்டுக்கு உதவும். தமிழ்நாட்டு நடிகர்கள் இங்கு வந்து ஆடியதன் பயனாக யாழ்ப்பாணத்திற் கொட்டகைக் கூத்தும் இசை நாடகமும் வேரூன்றின. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் வி. வி. வைரமுத்து (1924–1989) ‘அரிச்சந்திர மயான காண்ட’த்தை எண்ணற்ற மேடைகளிற் பாடி நடித்தார். தமிழ்நாட்டிற் சினிமா விழுங்கிவிட்ட குரல்–உடல் இணைப்பு இங்கு கோயில் வீதிகளில் அவர் காலம்வரை உயிரோடிருந்தது. பெரிய திரைத்தொழில் ஒன்று இங்கு வளராமை அதற்கு ஒரு காரணம். அதனைப் பண்பாட்டுத் தூய்மை என்று பெருமைப்படுவது தவறு. நடிப்பை மாத்திரம் நம்பி வாழ இயலாத கலைஞனின் வறுமையும் அதே காரணத்தின் மறுபக்கமாகும். ஆயினும் அங்கு நடிகன் வந்தாலன்றி அரிச்சந்திரன் வரமாட்டான். தன் உழைப்பின் மீது அவனுக்கிருந்த அப்பிடியைச் சினிமாவின் பெருஞ்செல்வம் பாகவதருக்குத் தரவில்லை.

நிழலின் பிரச்சினை பழங்கதையன்று. அமெரிக்கத் திரைநடிகர் சங்கத்தினர் 2023 யூலை முதல் நவம்பர் வரை 118 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது, இணையவழித் திரையிடலுக்கான ஊதியத்தோடு, கணினி வழி உருவாக்கப்படும் தம் முகத்துக்கும் குரலுக்கும் உரிமையாளர் யார் என்பதும் அவர்களது பிரதான வினாவாயிருந்தது. 1945இல் நடிகன் ஏற்கெனவே நடித்த நடிப்பே அவனில்லாமல் ஓடியது. இன்று அவன் நடிக்காத நடிப்பையும் அவன் முகத்தைக்கொண்டு உற்பத்தி செய்யலாம். வேறுபாடு அளவில் மாத்திரமன்றிப் பண்பிலும் உள்ளது.

எனவே மாறிவருந் தொழிலில் நடிகர் வெற்றிபெறுவது எவ்வாறு என்ற வினாவைத் தனிமனித முயற்சியின் வினாவாக மாத்திரம் கேட்பது, விடையைக் கேள்வியிலேயே மறைத்துவிடுவதாகும். பயிற்சி வேண்டும், மாற்றத்தை முன்னுணரும் கூர்மையும் வேண்டும். அவற்றுக்கப்பால், நடிகர் தம் உழைப்பின் எப்பகுதியை விற்கிறார், எப்பகுதியைத் தம்மிடமும் தம் சகாக்களிடமும் வைத்துக்கொள்கிறார் என்பதே தொழில்நுட்பம் மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் தீர்வாக அமைந்துள்ளது. நட்சத்திரங்களின் ஏற்றத்தாழ்வை விதியின் விளையாட்டாகக் கண்டு வியக்கும் எழுத்து இவ்வினாவை எழுப்பாது. ‘ஹரிதாஸ்’ ஓடிய அந்த இரண்டாண்டுகளின் வரவு யாரைச் சேர்ந்தது என்று கேட்பதிலிருந்தே தமிழ்ச் சினிமா பற்றிய விஞ்ஞானபூர்வமான விமர்சனம் தொடங்கவேண்டும்.