கிரகண காலமும் கொடையும்: சோதிட மரபுகள், அளவுகோல்கள்

கிரகணம் நெருங்கினால் சோதிடரிடம் வருகிற முதல் கேள்வி, “எந்த ராசிக்குக் கெடுதல்?” என்பதுதான். நம் தர்மசாத்திர நூல்களோ அந்த வேளையில் எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதையே விரிவாகப் பேசுகின்றன. பழையதைக் கைவிட ஏற்ற காலம் கிரகணம் என்று மேலைநாட்டுச் சோதிடர்களும் இன்று சொல்கிறார்கள். இந்த எண்ணம் எந்தெந்த மரபில் எப்படி நிற்கிறது, அதை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்று பார்ப்பது நம் கடமை.

கணித மரபு

சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே ராகுவும் கேதுவும். இவை ராசி மண்டலத்தைப் பின்னோக்கிச் சுற்றிவர சுமார் 18.6 ஆண்டுகள் ஆகின்றன. அதனால் ஒரு ராசியில் ஒன்றரை ஆண்டு வாசம். அமாவாசையோ பௌர்ணமியோ இப்புள்ளிகளுக்கு அருகே நிகழும்போது கிரகணம் பிடிக்கிறது.

கி.பி. 499-இல் ஆரியபடர் கிரகணத்தை நிழலைக் கொண்டே விளக்கிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையின் ராகுசாரப் பகுதியில் அதே கருத்தை நிலைநாட்டினார். அப்படியானால் ராகுவுக்கு அங்கே என்ன வேலை? கிரகண வேளையில் இடப்படும் ஆகுதியாலும் தானத்தாலும் நிறைவு பெறுவாய் என்று பிரமன் ராகுவுக்கு வரம் அளித்தான் என்று அவர் விடை தருகிறார். அவர் கூறும் ராகு, நாம் கொடுப்பதைப் பெற வருகிறவன். கிரகணத்தின் பொருளைத் தேடுகிற சோதிடர் தொடங்க வேண்டிய இடம் இது.

தமிழகத்தில் வாக்கிய முறையும் திருக்கணித முறையும் இருபெரும் மரபுகள். மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது வாக்கியம். வானில் கண்டதற்கேற்பத் திருத்திக் கணிப்பது திருக்கணிதம். பாண்டிச்சேரிப் பகுதிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825-ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலாளர் ஜான் வாரன் ‘கால சங்கலித’ நூலில் பதிந்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமே பிழை. முடிவில் 52 நிமிடம். அந்தத் திறமை வியக்கத்தக்கது. அதே நேரம், வாக்கியத்துக்கும் வானத்துக்கும் இடைவெளி விழுந்திருந்ததையும் அது காட்டியது. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1868-ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தைக் கண்டு பதிந்தவர். வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று அவர் பாடுபட்டது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

இன்றும் பெயர்ச்சித் தேதிகளில் வேறுபாடு உண்டு. 2025-இல் ராகு கேது பெயர்ச்சி வாக்கியத்தின்படி ஏப்ரல் 26. திருக்கணிதத்தின்படி மே 18. பெயர்ச்சியைக் கண்ணால் சரிபார்க்க இயலாது. கிரகணத்தை ஊரே பார்க்கிறது. ஆகவே இதில் கண்ணுக்கு ஒத்த கணிதமே பிரமாணம்.

தர்மசாத்திர மரபு

கிரகணம் பிடிக்கத் தொடங்கும் ஸ்பரிசத்தில் நீராடல், மத்தியில் ஜபமும் ஹோமமும், கிரகணம் விடத் தொடங்கும்போது தானம், முழுதும் விட்டபின் மீண்டும் நீராடல் என்பது முறை. பித்ருக்களுக்குத் தர்ப்பணமும் உண்டு. தாரை வார்த்துக் கொடுத்த பொருளில் கொடுத்தவருக்கு அதன்பின் உரிமை இல்லை. இந்த மரபில் விடுதல் என்பது செயலாக நடக்கிறது. மனத்தால் மட்டும் நினைத்து முடிப்பதில்லை.

பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் கண்ணனும் யாதவர்களும் சூரிய கிரகணத்துக்காகக் குருக்ஷேத்திரம் செல்கிறார்கள். நீராடி, உபவாசம் இருந்து, தானம் கொடுக்கிறார்கள். நெடுநாள் பிரிந்திருந்த நந்தகோபரையும் யசோதையையும் கோபியரையும் அங்கேதான் சந்திக்கிறார்கள். கொடுக்கப் போன இடத்தில் பழைய பிரிவும் தீர்கிறது.

பலன் சொல்லும் மரபு

கிரகணம் ராகுப் புள்ளியருகே நிகழ்ந்தால் ராகு கிரஸ்தம், கேதுப் புள்ளியருகே நிகழ்ந்தால் கேது கிரஸ்தம் என்று பஞ்சாங்கங்கள் பிரித்துக் குறிக்கின்றன. 2025 செப்டம்பர் 7 இரவு கும்பத்தில் நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணம் ராகு கிரஸ்தம். 2019 டிசம்பர் 26 காலை கோவை, திண்டுக்கல், திருச்சி பகுதிகளில் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணம் கேது கிரஸ்தம். அதுவும் கேதுவுக்குரிய மூல நட்சத்திரத்தில். ராகு ஆசையைப் பெருக்குபவன், கேது ஞானகாரகன் என்பது பராசர வழியினர் கொள்கை. ஆகவே கேது கிரஸ்தத்தில் பற்றறுப்பதும், ராகு கிரஸ்தத்தில் பேராசையை அடையாளம் காண்பதும் பொருத்தமான பலன்.

மேலை மரபும் இதற்கு அருகே வந்திருக்கிறது. தாலமி தம் டெட்ராபிப்லாஸ் நூலில் கிரகணத்தை நாடுகளுக்கும் நகரங்களுக்கும் பலன் சொல்லவே பயன்படுத்தினார். வராகமிகிரரும் பெரும்பாலும் நாட்டுக்கும் அரசருக்குமே சொன்னார். 20-ஆம் நூற்றாண்டில் டேன் ருதியார் போன்றோர் தனிமனித மனத்தை நோக்கிச் சோதிடத்தைத் திருப்பினர். அவர்கள் பார்வையில் வடக்குக் கணுவாகிய ராகு ஏற்பதற்கும் தெற்குக் கணு விடுவதற்கும் உரியவை ஆயின. தெற்குக் கணு நம் கேதுவேதான். ஆனால் அங்கே விடப்படுவது பெரும்பாலும் பழைய மனப்போக்கு. அதைப் பெற்றுக்கொள்ள எதிரே ஒருவர் இல்லை. நம் மரபில் தானம் வாங்கும் ஒரு கை எப்போதும் உண்டு. இந்த வேறுபாட்டை நாம் இழந்துவிடக் கூடாது.

அளவுகோல்கள்

கிரகணப் பலன் சொல்பவருக்கு நான்கு அளவுகோல்களை முன்வைக்கிறேன். முதலாவது, நேரம் வானத்தோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது, ஓர் ஊரில் தெரியாத கிரகணத்துக்கு அங்கே அனுஷ்டானம் இல்லை என்ற விதியைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, குழந்தைகள், முதியோர், நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோரைப் பட்டினி போடச் சொல்லக் கூடாது. சாத்திரமே விலக்கு தருகிறது. நான்காவது, பரிகாரமாகக் கொடுப்பது ஏதுமில்லாத ஏழையைச் சென்றடைய வேண்டும். அச்சத்தை விற்றுச் சோதிடரின் பையை நிரப்பும் பரிகாரம் மரபுக்குத் துரோகம்.

2027 ஆகஸ்ட் 2 அன்று நிகழும் சூரிய கிரகணம் இந்தியாவில் பகுதியாகத் தெரியவிருக்கிறது. கடக ராசியில், கேது கிரஸ்தம். அதற்குள் ஒவ்வொரு சோதிடரும் தம்மை நாடி வருவோரிடம் ஒன்றைக் கேட்கலாம்: திரும்பக் கேட்காமல் விடக்கூடிய கடன் எது, நிறுத்திக்கொள்ளக்கூடிய பங்காளிச் சண்டை எது, பெட்டியில் கிடக்கும் எந்தப் பொருள் இன்னொருவர் வீட்டில் பயன்படும்? அதற்குப் பதில் சொல்லி, அன்று அதைச் செய்தும் முடித்தவருக்கு வேறு ராசிபலன் தேவைப்படாது.