கைமாறாத அடுப்பு

ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பரிசு கொடுப்பவள் பெண், வாங்கிக்கொள்பவன் ஆண். உடன் வேலை செய்யும் ஆண்களுக்குக் கடமைக்காகத் தருவது 'கிரி சோகோ'. மனதுக்குப் பிடித்தவனுக்குத் தருவது 'ஹொன்மெய் சோகோ'. அதைத் தன் கையாலேயே செய்தால் மதிப்பு கூடும்.

2018இல் கொடைவா நிறுவனம் 'நிக்கேய்' நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, கடமைச் சாக்லேட்டை நிறுத்தச் சொன்னது. நல்ல குரல்தான். ஆனால் 'சிரமப்பட வேண்டாம்' என்று பெண்களிடம் ஆண்கள், குறிப்பாக நிறுவனத் தலைவர்கள், சொல்ல வேண்டுமாம்! நிறுத்துவதற்கும் ஆணின் அனுமதி. காதல் சாக்லேட்டையோ அது அப்படியே விட்டுவைத்தது. விற்பனை நடக்க வேண்டுமே.

மார்ச் 14, 'வெள்ளை நாள்', ஆண்கள் பதில் பரிசு தருகிறார்கள். 1970களின் இறுதியில் மிட்டாய் வணிகர்கள் உருவாக்கிய நாள் அது. பரிசு திரும்பி வருகிறது, அடுப்பு கைமாறவில்லை.

பள்ளி மாணவிகள் கூடிச் சாக்லேட் உருக்கித் தோழிகளுக்குள் பகிர்ந்துகொள்ளும் 'தோமோ சோகோ' வழக்கமே எனக்குப் பிடித்தது. வணிகம் அதையும் விடவில்லைதான். ஆனாலும் அங்கே செய்தவளுக்கும் பங்கு உண்டு.

"காதலர் தினத்துக்கு இருவரும் சேர்ந்தே செய்தோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் கேட்பது ஒன்றுதான்: பாத்திரம் யார் கழுவியது?