நாணயம் போட்டால் வரும் வெளிச்சம்

ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேவாலயம். உள்ளே இடப்பக்கத்தின் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோவின் மூன்று மத்தேயு ஓவியங்கள். நான் சொல்ல வந்தது இடச்சுவரில் இருப்பதைப் பற்றி: 1600 வாக்கில் வரைந்த, வரிதண்டுபவரான மத்தேயுவை இயேசு சீடராகக் கூப்பிடும் ‘மத்தேயுவின் அழைப்பு’.

முதலில் இருட்டுதான். பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். மேசையைச் சுற்றி ஐந்து பேர், சில்லறை எண்ணும் வரிதண்டுபவர்கள். ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்து காசையே உற்றுப் பார்க்கிறார். வலப்பக்கம் இயேசு. முகம் பாதி நிழலில், கை மட்டும் நீண்டிருக்கிறது. சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கை அது! தளர்ந்த அந்த மணிக்கட்டைப் பார்த்தால் கட்டளை போலவே இல்லை, கூப்பிடுகிற கை.

படத்தில் ஜன்னல் உண்டு, ஆனால் வெளிச்சம் அதன் வழியே வரவில்லை. இயேசுவின் தலைக்கு மேலே, வலப்பக்கத்திலிருந்து சாய்வாக விழுகிறது. சிற்றாலயத்தின் நிஜ ஜன்னலும் அதே பக்கம்தான். சுவருக்கு வெளியே இருக்கும் பகலையே ஓவியத்துக்குள் இழுத்து வந்திருக்கிறார் மனிதர். எனக்கு இதைவிடப் பெரிய வித்தை தெரியாது.

இடக்கோடியில் ஒரு இளைஞன் தலை நிமிரவே இல்லை. விரல் காசின் மேல். அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. பின்னால் யாரோ பையில் சில்லறை தேடும் சத்தம்.