எழுதிய கையும் எட்டிய கையும்

பொருள் படைத்தவன் பத்திரிகை நடத்துகிறான். பத்திரிகை நடத்துபவன் பேச்சை நாடு கேட்கிறது. பேச இடமற்றவனோ என்றும் கேட்பவனாகவே இருக்கிறான். இந்த வட்டத்தை உடைக்க ஏழை இளைஞன் கண்ட எளிய கருவியே கையெழுத்து ஏடு. வெள்ளைத்தாள் சில, பேனா ஒன்று, தைக்க ஊசியும் நூலும், சொல்லத் துடிக்கும் சேதி ஒன்று: இவ்வளவே மூலதனம்! ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதனை 'ஜீன்' என்பர். அங்கும் இங்கும், சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும், இளைஞர் சிலர் இன்று மீண்டும் கையால் ஏடு செய்யப் புறப்பட்டுள்ளனர். நாம் வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பு வேறு, மதிப்பீடு வேறு. கைவேலை என்பதற்காகவே கைதட்டிவிட்டுப் போவது திறனாய்வாகாது.

இந்த ஏடுகளை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? அவற்றின் பிறப்பையே பார்ப்போம்.

1930இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், அறிவியல் புனைகதை வாசகர்கள் 'தி காமெட்' என்றோர் ஏட்டைத் தாமே வெளியிட்டனர். கதைப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களின் கீழே முகவரியும் அச்சாகும். அதைக் கண்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவர்கள் அவர்கள். இத்தகைய ஏடுகளுக்கு 1940இல் ரஸ் சோவனே என்பவர் 'ஃபேன்ஜின்' எனப் பெயரிட்டார். 1976இல் இலண்டன் நகரில், வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெர்ரி என்ற இளைஞர், தட்டச்சில் அடித்துத் தலைப்புகளைக் கையால் எழுதி, 'ஸ்னிஃபின் க்ளூ' என்னும் இசை ஏட்டை ஏறத்தாழ 50 படிகள் மட்டும் நகலெடுத்து வெளியிட்டார். பிழைகளை அடித்துத் திருத்திய கோடுகள் அப்படியே தெரிந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை. பெரிய பத்திரிகைகள் பொருட்படுத்தாத இளைஞர் இசையைப் பற்றி, அந்த இளைஞர்களில் ஒருவரே பேசினார். அதனால் அது கைக்குக் கை மாறிற்று.

நம் நாட்டிலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே ஏந்திப் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ஏட்டின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக்கிய துணிவைப் பாருங்கள்! எவர் கைக்குச் சேரவேண்டும் என்பதை முகப்பிலேயே முழங்கிய ஏடு அது. இவை அச்சேறியவைதாம், எனினும் பணபலம் இன்றி, இடம் மறுக்கப்பட்டவர் தம் இடத்தைத் தாமே சமைத்த வகையில் கையெழுத்து ஏட்டின் மூத்த உறவினர். பெரியாரின் 'குடி அரசு' 1925இல் எழுந்ததும் தலைநகரில் அன்று, ஈரோட்டில்! திருவாரூரில் மாணவராக இருந்த கலைஞர் கையெழுத்து ஏடாக நடத்தினார் 'மாணவநேச'னை. அவரே 1942 ஆகஸ்ட் 10இல் துண்டறிக்கை வடிவில் வெளியிட்ட 'முரசொலி', 1960இல் நாளேடாயிற்று.

நாளேடாக வளர்ந்ததுதான் பெருமை என்று நாம் சொல்லவரவில்லை. வளராமலே நின்றுபோன கையெழுத்து ஏடுகள் எண்ணற்றவை. அவையும் தம் பணியைச் செய்தே மறைந்தன. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேரே எழுத்தறிந்தோர். அந்நாளில் ஓர் ஏடு எப்படி ஊரை எட்டிற்று? தேநீர்க்கடைப் பலகையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், மிதிவண்டிக் கடை வாசலிலும், படிப்பகத் திண்ணையிலும் ஒருவர் உரக்கப் படித்தார். பலர் சூழ்ந்து கேட்டனர். கேட்டவன் கேள்வி எழுப்பினான். அக்கேள்வி நாடகமாயிற்று, மேடைப் பேச்சாயிற்று. ஏடும் மன்றமும் நாடகக் கொட்டகையும் தனித்தனியே வாழவில்லை, ஒன்றுக்கொன்று உரமாயின.

ஆகவே நமது அளவுகோல் இதுதான்: எழுதிய கை எது என்பதோடு, எட்டிய கை எது என்பதையும் கேட்பது.

இந்த அளவுகோலை இன்றைய கையேடுகள் மீது வைப்போம். அழகான தாள், வண்ண நூல் தையல், அட்டைதோறும் தனித்தனி ஓவியம். கைத்திறனில் குறையில்லை. ஆனால் எண்ணிக்கையிட்ட சில படிகள் மட்டும் செய்து, பெருநகரக் கண்காட்சியில், கூலித் தொழிலாளி நெருங்கமுடியாத விலைக்கு விற்றால், அது ஏடா? அலமாரிப் பொம்மை! செய்தவரே வாங்கி, செய்தவரே பாராட்டி, செய்தவருக்குள்ளேயே சுழலும் ஏட்டில் கருத்து எங்கே நடமாடும்?

உள்ளடக்கத்தையும் பார்க்கவேண்டும். மழை, தனிமை, பிறந்த ஊரின் மணம் என்று உருகி உருகி எழுதுகின்றனர். உருக்கம் குற்றமன்று. பாட்டி வீட்டு முற்றத்தைப் பற்றி ஒருவர் எட்டுப் பக்கம் எழுதுகிறார். அந்த முற்றத்தில் எவர் காலடி படக்கூடாது என்று பாட்டி வைத்திருந்த விதியைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. கோயில் தேரின் அழகை வரைகிறார். அத்தேர் எந்தத் தெருவில் நுழையாமல் திரும்புகிறது என்பதை வரைவதில்லை. மறைப்பதற்கும் கலை என்று பெயரா?

"கலையில் சாதியை ஏன் இழுக்கிறீர்?" என்பார்கள். நாம் இழுக்கவில்லை, அது முன்பே உள்ளே அமர்ந்திருக்கிறது. கலகம் பேசும் கூட்டத்திலும் அது அமர்வதுண்டு. 1991 அளவில் அமெரிக்காவின் ஒலிம்பியா என்னும் சிறு நகரத்தைச் சூழ்ந்து, 'ரயட் கேர்ல்' இயக்கத்துப் பெண்கள் ஆணாதிக்கத்தை எதிர்த்துக் கையேடுகள் வெளியிட்டனர். அரும்பணிதான். ஆயினும் அந்தக் குரல் பெரும்பாலும் வெள்ளை இனப் பெண்களின் குரலாக இருந்தது. நிறத்தால் ஒதுக்கப்பட்டோர் வாய்மூடி இருக்கவில்லை. 1997இல் மிமி தி நுயென் என்ற பெண் அத்தகையோர் எழுத்துகளைத் திரட்டி, 'எவல்யூஷன் ஆஃப் எ ரேஸ் ரயட்' என்னும் கையேட்டை வெளியிட்டார். அதே தாள், அதே நகல் எந்திரம், கேள்வி மட்டும் புதிது: "உங்கள் விடுதலையில் எங்களுக்கு இடம் எங்கே?" நம் படிப்பகங்களிலும் இதே கேள்வியைப் பெண்கள் கேட்கலாம், கேட்கவேண்டும். ஆண்கள் மட்டும் கூடிப் பேசும் திண்ணை பாதித் திண்ணைதான்.

"கையில் கைப்பேசி இருக்கத் தாள் எதற்கு?" என்ற வினாவும் உண்டு. கைப்பேசித் திரையில் எது முதலில் தெரியவேண்டும், எது அமுங்கவேண்டும் என்பதை எங்கோ உள்ள நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. தாளுக்கு அந்த எசமானன் இல்லை. கடைப் பலகையில் விட்டுச் சென்றால் அடுத்தவன் எடுப்பான். பாடப்புத்தகத்துள் வைத்தால் வீட்டுக் கண்காணிப்பையும் தாண்டி ஒரு பெண்ணின் கையை எட்டும். எட்டுவது பத்துப் பேரையே ஆயினும், அந்தப் பத்துப் பேரை முகம் பார்த்து வாதாடலாம்.

தோழர்களே! ஒரு தாளை மும்முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்க ஏடு அமையும். நகலெடுக்கப் பெருஞ்செலவு ஆகாது. உங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் இன்னும் இரட்டைக் குவளை உண்டா? சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை எல்லோருக்கும் ஒன்றா? சாதி மறுத்து மணந்தவர் ஊருக்குள் குடியிருக்க முடிகிறதா? நேரில் சென்று பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதி, அவர் பெயரையே ஆசிரியர் பெயராக இடுங்கள். அழகாகவும் செய்யுங்கள், அழகு நமக்குப் பகையன்று. செய்து முடித்தபின் முதற்படியைக் கண்காட்சிக்கு அனுப்பாதீர்கள். எந்தத் தெருவைப் பற்றி எழுதினீர்களோ, அந்தத் தெருவுக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே ஒருவர் அதை உரக்கப் படிக்கட்டும்!